பட்டாளத்துக்குப் போன தாத்தாவைத் தேடுவது எப்படி? நெல்லைச் சீமை விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்கு இன்றைக்கும் ‘பட்டாளத்தார் வீடு’ என்றுதான் பெயர். தபால்காரர்கூட கதவு எண்ணைப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தப் பட்டாளத்தார், அதாவது என் அப்பாவைப் பெற்ற தாத்தா, எந்தப் பட்டாளத்தில் இருந்தார், எந்த வருஷம் போனார் என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. “பர்மாவுல ஜப்பான்காரன்கூட சண்டை போட்டாவ” என்பதோடு கதை முடிந்துவிடும். தாத்தாவின் தம்பி மலேயாவுக்குப் பால்மரம் வெட்டப் போனவர். அவர் நேதாஜி படையில் இருந்தார் என்பது தனிக்கதை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 1944-ல் அண்ணனும் தம்பியும் ஒரே எல்லையில் எதிரெதிர்ப் பக்கம் இருந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. திரும்பி வந்த பிறகு இரண்டு பேரும் ஒரே மடையில் தண்ணீர் பாய்ச்சியவர்கள்.

இரண்டாம் உலகப்போரில் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற விவசாயக் குடும்பத்து ஆட்கள். அதனால் உங்கள் வீட்டிலும் ஒரு பட்டாளத்தார் இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவரைத் தேடுவதற்கு மூன்று வருஷமாக நான் அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். தேட வேண்டியது முதலில் ஒரே ஒரு விஷயம்: அவருடைய படை எண். பெயரை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கையை விரிப்பார்கள். எண்ணோடு போனால் கதவு கொஞ்சமாவது திறக்கும்.

அட்டாலியிலிருந்து ஆரம்பியுங்கள்

இணையத்தில் உட்கார்வதற்கு முன் வீட்டு அட்டாலியில், அதாவது பரணில், ஏறுங்கள். பட்டாளத்துக்குப் போய் வந்தவர் வீட்டில் ஒரு தகரப்பெட்டி இருக்கும். அவர் காலமான பிறகு அது அரிசிப் பெட்டியாகவோ விதைப் பெட்டியாகவோ மாறியிருக்கும். எங்கள் வீட்டில் அது உளுந்து கொட்டி வைக்கும் பெட்டி.

அந்தப் பெட்டியின் மூடியை ஐம்பது வருஷமாக எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏதோ ஒரு தீபாவளிக்கு யாரோ பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். ஒரு நாள் கரண்ட் இல்லாத நேரத்தில் டார்ச் வெளிச்சம் மூடியில் சாய்வாக விழுந்தபோதுதான் பச்சைக்கு அடியில் மேடு தட்டிய எழுத்துகள் தெரிந்தன. பட்டாளத்தில் அவரவர் பெட்டியில் எண்ணையும் பெயரையும் வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைப்பார்கள். பெயிண்ட்டைச் சுரண்டாதீர்கள். ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மூடியின் ஓரத்தோடு ஓரமாகப் பிடித்து, நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுங்கள். ஒரு பக்கத்திலிருந்து தெரியாத இலக்கம் இன்னொரு பக்கத்திலிருந்து தெரியும். எண்ணுக்கு முன்னால் எழுத்துகள் இருந்தால் அவற்றையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அவையும் எண்ணைச் சேர்ந்தவைதான்.

அடுத்தது காகிதம். ‘டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்’ கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. படை எண், பதவி, தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, உயரம், அங்க அடையாளம், சேர்ந்த தேதி, விலகிய காரணம், வாங்கிய பதக்கம் என்று எல்லாம் அதில் இருக்கும். பத்திரக்கட்டுக்குள்ளேதான் தேட வேண்டும். நம் ஆட்கள் முக்கியமான காகிதம் என்று நினைத்ததை எல்லாம் நிலப்பத்திரத்தோடு சேர்த்துத்தான் கட்டி வைப்பார்கள். மணியார்டர் துண்டு, சம்பளப் புத்தகம், குரூப் போட்டோ எதுவும் கிடைக்கலாம். குரூப் போட்டோ என்றால் சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரையில் ஊர்ப்பெயர் இருக்கும். பெங்களூர் என்று இருந்தால் அது ஒரு துப்பு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பிறகு பதக்கங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. எங்கள் தாத்தாவின் பர்மா ஸ்டார் ஆச்சியின் வெற்றிலைச் செல்லத்தில்தான் கிடந்தது. வருஷா வருஷம் பொங்கலுக்குக் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளியும் செங்கல்தூளும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பின்பக்கத்தில் பொறித்திருந்த எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் தேய்ந்தே போய்விட்டது. இந்தியப் படைவீரர்களுக்கு வழங்கிய பதக்கங்களில் எண்ணும் பெயரும் பொறித்துத் தரும் வழக்கம் உண்டு. வட்டப் பதக்கம் என்றால் விளிம்பிலும், நட்சத்திரம் என்றால் பின்பக்கத்திலும் பாருங்கள். கிடைத்த பதக்கத்தை எதை வைத்தும் துலக்காதீர்கள்.

எண் இல்லாவிட்டாலும் பதக்கமே பேசும். ஆறு முனை நட்சத்திரமாக இருந்தால் நடுவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பர்மா ஸ்டார் என்றால் 1941 டிசம்பருக்கும் 1945 செப்டம்பருக்கும் இடையில் பர்மாப் போர்முனையில் இருந்தவர். ஆப்பிரிக்கா ஸ்டார் என்றால் 1940 ஜூனிலிருந்து 1943 மே வரை நடந்த வட ஆப்பிரிக்கச் சண்டைக் காலம். இத்தாலி ஸ்டாரும் நம் ஆட்கள் வாங்கியிருக்கிறார்கள். வட்டப் பதக்கத்தில் ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ், மறுபக்கம் இந்தியா படம் என்றால் அது இந்தியா சர்வீஸ் மெடல். போர்முனைக்குப் போகாமல் இந்தியாவுக்குள்ளேயே மூன்று வருஷம் பணியாற்றியவர்களுக்கு உரியது. ஐந்தாம் ஜார்ஜ் தலை இருந்தால் பெரும்பாலும் முதல் உலகப்போர். அந்தப் போர்ப்பதக்கம் வெள்ளியில் உண்டு, வெண்கலத்திலும் உண்டு. வெண்கலம் கையில் இருந்தால் பெரும்பாலும் லேபர் கோர் எனும் கூலிப்பட்டாளத்தில் போனவர்.

பெரியவர்களிடம் கேட்கும் முறை

“தாத்தா எந்த வருஷம் பட்டாளத்துக்குப் போனாங்க?” என்று கேட்டால் பதில் வராது. வந்தாலும் அது ஊகமாக இருக்கும். நம் பெரியவர்கள் வருஷத்தை இங்கிலீஷ் தேதியில் ஞாபகம் வைப்பதில்லை. பயிரை வைத்துக் கேளுங்கள். நான் என் பெரிய அத்தையிடம் “தாத்தா போகும்போது வயல்ல என்ன நின்னுச்சு?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “கார் அறுத்துக் களம் ஒதுக்கியாச்சு. பிசானத்துக்கு நாத்து பாவல. ஆத்தா அதுக்குத்தான் அழுதா, நாத்து பாவ ஆள் இல்லையேன்னு” என்றார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் கார் நெல் போகம் முடிந்து பிசானப் போகம் தொடங்கும் இடைவெளி புரட்டாசி ஒட்டி வரும். அத்தைக்கு அப்போது ஐந்து வயது. அவர்களுக்கு ஞாபகம் இருந்தது அழுகைதான். எனக்குக் கிடைத்தது மாதம்.

வருஷத்துக்கு ஊரறிந்த சம்பவங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்தது. அதையடுத்துத்தான் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் ஊர் சேர்ந்தார்கள். 1942 ஏப்ரல் 5-ல் கொழும்பில் விழுந்தது. கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்கள் நம் பக்கம் அதிகம் என்பதால் அந்த வருஷத்தை யாரும் மறக்கவில்லை. தாத்தா கிளம்பியது கொழும்புக் குண்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் பதில் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது “அதுக்குப் பெறவு வந்த கார்”. ஆக 1942 செப்டம்பர், அக்டோபர்.

ஜாதகக் குறிப்பு, நோட்டுக்கணக்கு, கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் தமிழ் வருஷப் பெயர் இருக்கும். 1939 சித்திரையில் பிறந்தது பிரமாதி. அதற்கடுத்து விக்கிரம, விஷு, சித்திரபானு, சுபானு, தாரண என்று போய் 1945-ல் பார்த்திப. முதல் போர் தொடங்கிய 1914 ஆனந்த வருஷம். நம் சீமைக்கே உரிய இன்னொரு சிக்கல் கொல்லம் ஆண்டு. பழைய நெல்லைப் பத்திரங்களில் ‘கொல்லம் 1118’ என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். நம் பக்கம் ஆவணியில் அந்த ஆண்டு பிறக்கும். ஆவணியிலிருந்து மார்கழி நடு வரை என்றால் 824 கூட்டுங்கள், அதற்கு மேல் அடுத்த ஆவணி வரை 825. 1118 என்பது 1942-43.

கேட்கும்போது சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். ‘சப்பர்மைனா’ என்று ஒருவர் சொன்னால் அது சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் எனும் பொறியியல் படை. ‘பயனீரு’ என்றால் பயோனியர் படை. ‘பசரா’ என்றால் இராக்கின் பஸ்ரா. இரண்டு போரிலும் நம் ஆட்கள் அங்கே போயிருக்கிறார்கள் என்பதால் அதை வைத்து மட்டும் காலம் சொல்ல முடியாது. ‘மிசிர்’ என்றால் எகிப்து. எங்கள் சித்தப்பா ஒருவர் “தாத்தா சுபேதார்” என்று அடித்துச் சொன்னார். அதையும் எழுதி வைத்தேன். அது என்ன ஆயிற்று என்று பிறகு பார்க்கலாம்.

ஊர் எந்த மாவட்டம், பெயர் என்ன எழுத்து?

இப்போது திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி என்று மூன்று மாவட்டம். தூத்துக்குடி பிரிந்தது 1986-ல், தென்காசி 2019-ல். பட்டாளக் காகிதத்தில் இந்த மூன்றும் ஒரே திருநெல்வேலிதான். சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் 1910 வரைக்கும் நெல்லை ஜில்லா. அதன் பிறகு ராமநாதபுரம் ஜில்லா. அதனால் முதல் உலகப்போர் ஆள் என்றால் அவர் பிறந்த ஜில்லாவும் சேர்ந்த ஜில்லாவும் வேறு வேறாக இருக்கலாம்.

செங்கோட்டைக்காரர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. உங்கள் தாத்தா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இல்லாமல் திருவிதாங்கூர் சமஸ்தானப் படையில் இருந்திருக்கலாம். அந்தப் படையின் ஒரு பிரிவு சுதந்திரத்துக்குப் பிறகு மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9-வது பட்டாலியனாகச் சேர்ந்தது. இரண்டு பக்கமும் தேட வேண்டியிருக்கும்.

எழுத்துக் கூட்டல்தான் தலைவலி. திருநெல்வேலி என்று நாம் இன்றைக்கு ஆங்கிலத்தில் எழுதுவது போல அன்றைக்கு எழுதவில்லை. டி, ஐ, என், என், இ, வி, இ, எல், எல், ஒய். இப்படித்தான் தேட வேண்டும். பாளையங்கோட்டை ‘பாலம்கோட்டா’, தூத்துக்குடி ‘டூட்டிகொரின்’. ஆள் பெயர் இதைவிட மோசம். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. எழுதியவர் வேறு மொழிக்காரராக இருந்தால் கேட்டதை எழுதியிருப்பார். சுடலைமுத்து என்பது சுடலி முத்து என்று இரண்டாக உடைந்திருக்கும், அல்லது சுடலை போய் முத்து மட்டும் மிஞ்சியிருக்கும். இசக்கி என்ற பெயருக்கு நான் இதுவரை நாலு எழுத்துக்கூட்டல் பார்த்துவிட்டேன். தகப்பனார் பெயரே ஆள் பெயராகப் பதிவானதும் உண்டு. ஒரு வெள்ளைத்தாளில் சாத்தியமான எல்லாக் கூட்டலையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

எந்தப் படை என்று கண்டுபிடிப்பது

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். தமிழ்நாட்டு ஆள் என்றால் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ‘போர்க்குடிகள்’ வடக்கேதான் இருக்கிறார்கள் என்ற பிரிட்டிஷாரின் எண்ணத்தால் மெட்ராஸ் காலாட்படை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கப்பட்டு, 1928-க்குள் கடைசி நிரந்தர பட்டாலியனும் கலைக்கப்பட்டது. மறுபடி எழுப்பியது 1941-ல், போர் வந்த பிறகு. ஆகவே 1935-ல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தார் என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் வருஷம் தப்பு அல்லது ரெஜிமெண்ட் தப்பு. அந்த இடைவெளியிலும் நம் ஆட்களை எடுத்துக்கொண்டிருந்தது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ். மெட்ராஸ் பயோனியர்களும் 1933 வரை இருந்தார்கள்.

போர்க்காலத்தில் சேர்ந்த விவசாயி பெரும்பாலும் துப்பாக்கிப் படைக்குப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மம்பட்டி பிடிக்கத் தெரிந்தவரைப் பயோனியர் படைக்கு எடுத்தார்கள்: சாலை போட, விமானத்தளம் சமன்படுத்த, பாலத்துக்கு மண் கொட்ட. மாடு, வண்டி தெரிந்தவர் சப்ளை படைக்குப் போயிருப்பார். கொத்தர், தச்சர், கொல்லர் என்றால் சாப்பர்ஸ். லாரி ஓட்டப் பழகியவர் சர்வீஸ் கோர். சமையல், தண்ணீர், துணி வெளுப்புக்குப் போனவர்கள் ‘ஃபாலோயர்’ என்ற வகையில் தனியாகப் பதிவாகியிருப்பார்கள். பதவிப் பெயரைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். காலாட்படையில் கடைநிலை ஆள் சிப்பாய். சாப்பர்ஸில் அவரே சாப்பர், பீரங்கிப்படையில் கன்னர், பயோனியரில் பயோனியர். மேலே நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார். ஜமேதார் என்ற பெயர் 1965-ல் நாயப் சுபேதார் ஆனது. அதனால் ஒரு காகிதத்தில் ஜமேதார் என்றிருந்தால் அது அதற்கு முந்தியது.

ஆவணப் பிரிவுக்கு எழுதுவது

இப்போது எண்ணும் படையும் ஓரளவு தெரிந்துவிட்டது என்று வையுங்கள். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ‘ரெக்கார்ட்ஸ்’ என்று ஒரு ஆவண அலுவலகம் உண்டு. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன். சாப்பர்ஸ் இன்றைக்கு மெட்ராஸ் என்ஜினியர் குரூப். அவர்கள் ஆவணம் பெங்களூரில். பயோனியர் படைக்கும் பெங்களூர்தான். சர்வீஸ் கோர் தென்பிரிவு ஆவணமும் அங்கேதான். போட்டோவில் பெங்களூர் ஸ்டுடியோ முத்திரை துப்பு என்று சொன்னது இதற்காகத்தான்.

எழுதுவதற்கு முன் ஒரு கசப்பான தகவல். ராணுவத்தில் ஓய்வூதியம் வாங்காமல் விலகியவர்களின் பணி ஆவணத்தை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடுவது விதி. போர் முடிந்து 1946-ல் ஆட்குறைப்பில் வீட்டுக்கு வந்த விவசாயிகளில் பெரும்பாலோருக்கு ஓய்வூதியம் கிடையாது. ஆக அவருடைய முழுக் கோப்பு பெரும்பாலும் இல்லை. ஆனால் ‘லாங் ரோல்’ என்ற நீண்ட பேரேடு ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு வரி. எண், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம் போன்றவை அதில் இருக்கும். “என் தாத்தாவின் பணி ஆவணம் வேண்டும்” என்று கேட்டால் “அழிக்கப்பட்டுவிட்டது” என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். கேள்விக்கு அது சரியான பதிலும்கூட. “லாங் ரோலில் உள்ள விவரங்களின் நகல் வேண்டும்” என்று கேளுங்கள். இந்த இரண்டு வார்த்தை தெரியாமல் எனக்கு ஒரு வருஷம் போனது.

கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. ஒரு பக்கம் போதும். எண், பெயர் (எல்லாக் கூட்டலும்), தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா, சேர்ந்த வருஷம், விலகிய வருஷம், நீங்கள் யார் என்பது. இவ்வளவுதான். வீரக்கதை எதுவும் வேண்டாம். உறவை நிரூபிக்க இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உங்கள் ஆதார் நகல் வைக்கலாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. மத்திய அரசின் இணையதளம் வழியாகவும் போடலாம், தபாலிலும் போடலாம். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டர் எடுத்தால் ‘அக்கவுண்ட்ஸ் ஆபீசர்’ பெயரில் எடுங்கள். நான் முதல் தடவை வேறு பெயரில் எடுத்து அனுப்பி, இரண்டு மாதம் கழித்து அப்படியே திரும்பி வந்தது. 30 நாளில் பதில் தர வேண்டும். ‘மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல்’ என்று மறுத்தால் சட்டத்தின் 8(3) பிரிவைக் குறிப்பிட்டு மேல்முறையீடு செய்யுங்கள். 20 வருஷத்துக்கு முன் நடந்த விஷயத்துக்கு அந்தத் தடை பொருந்தாது.

இதற்கிடையில் உங்கள் மாவட்டத்துக்குரிய முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்விடுங்கள். ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் தமிழக அரசு மாதாந்திர உதவித்தொகை தந்து வருகிறது. உங்கள் ஆச்சி எப்போதாவது அதை வாங்கியிருந்தால், விண்ணப்பத்தோடு டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் நகல் வைத்திருப்பார்கள். வீட்டில் கறையான் அரித்த காகிதம் அங்கே கோப்பில் கிடக்கலாம்.

திரும்பி வராதவர் என்றால்

போரில் இறந்தவரைத் தேடுவது, சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, உயிரோடு வந்தவரைத் தேடுவதைவிட எளிது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு போரிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பதிவு இருக்கிறது. காசு இல்லை. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. ஆகையால் சண்டை முடிந்து 1946-ல் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்தவரும் பணியில் இருந்திருந்தால் பட்டியலில் வருவார்.

பெயர்க் கட்டத்தில் போட்டுக் கிடைக்கவில்லை என்றால் கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் ஊரைப் போடுங்கள். ‘இன்னாரின் மகன், இந்த ஊர், இன்னாரின் கணவர்’ என்று குடும்பக் குறிப்பு பல பதிவுகளில் உண்டு. மேலே சொன்ன பழைய எழுத்துக்கூட்டலில் திருநெல்வேலியைப் போட்டு, நாட்டை இந்திய ராணுவம் என்று வைத்து ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள். நம் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நம் ஆட்களில் பலருக்குத் தனிக் கல்லறை கிடையாது. எரித்தவர்களின் பெயரும், உடல் கிடைக்காதவர்களின் பெயரும் நினைவுச் சின்னங்களில் இருக்கும். பர்மாவில் இறந்தவர் என்றால் ரங்கூன் அருகே தவுக்யான் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னம். அதில் ஏறத்தாழ 27,000 பெயர். மலேயா, சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூரின் கிராஞ்சியில். கோகிமாவில் எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்கென்று ஒரு சின்னம் உண்டு, அதில் 917 பேர். எந்தச் சின்னம், எந்தப் பலகை என்பதுவரை இணையதளமே சொல்லும்.

நேதாஜி படைக்குப் போனவர்

இது முற்றிலும் வேறு பாதை. மலேயா, சிங்கப்பூர், பர்மாவில் இருந்த தமிழர்கள், தோட்டத்தொழிலாளிகள் உட்பட, இந்திய தேசிய ராணுவத்தில் ஏராளமாகச் சேர்ந்தார்கள். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-ல் விழுந்த பிறகு பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் பிடிபட்ட கைதிகளும் ஒரு பகுதியினர் சேர்ந்தார்கள். சேர மறுத்த கைதிகள் பலரை ஜப்பானியர் நியூகினிப் பக்கம் அனுப்பினார்கள். உங்கள் தாத்தா எந்த வகை என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். முன்பே சிப்பாயாக இருந்தவர் என்றால் மேலே சொன்ன ஆவணப் பிரிவிலேயே அவர் பெயர் இருக்கும். போர் முடிந்ததும் பிடிபட்ட வீரர்களை, நேதாஜி படையில் எவ்வளவு ஈடுபாடு என்று விசாரித்து வெள்ளை, சாம்பல், கருப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். கருப்பு என்றால் பணி நீக்கம். பதிவேட்டில் விலகிய காரணம் என்ற இடத்தில் அது தெரியலாம்.

தோட்டத்திலிருந்து நேராகச் சேர்ந்தவருக்குப் படை எண் எல்லாம் தேடிப் பலன் இல்லை. அவருக்கு நல்ல இடம் தியாகி பென்ஷன் கோப்பு. மத்திய அரசு 1972 ஆகஸ்ட் 15 முதல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கியது. மாநில அரசின் ஓய்வூதியம் தனி. இரண்டிலும் நேதாஜி படையினர் உண்டு. விண்ணப்பத்தில் எங்கே சேர்ந்தேன், எந்த ரெஜிமெண்ட், எந்தச் சிறையில் இருந்தேன், கூட இருந்த கைதி யார் என்று அவரே சொல்லியிருப்பார். சக கைதியின் சான்றும் சேர்ந்திருக்கும். கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள். 1972-ல் கொடுத்த தாமிரப் பட்டயம் வீட்டில் இருந்தால் அதன் நகலோடு போங்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் இந்திய தேசிய ராணுவக் கோப்புகள் இருக்கின்றன. ‘அபிலேக் படல்’ என்ற அவர்கள் இணையதளத்தில் ஒரு பகுதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும் கேட்கத் தகுந்தவை.

எல்லோரும் செய்யும் ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். “ஜப்பான்காரன் கிட்ட மாட்டிக்கிட்டு கஷ்டப்பட்டாங்க” என்பது சயாம்–பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட கதையாகவும் இருக்கலாம். 1942-43-ல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. மலேயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே செத்தார்கள். அவர்கள் ராணுவத்தினர் இல்லை. எந்தப் படைப் பட்டியலிலும் வரமாட்டார்கள். எங்கள் சின்னத்தாத்தா விஷயத்தில் முதலில் நான் இந்த ரயிலைத்தான் சந்தேகப்பட்டேன். கோப்பு வந்த பிறகுதான் தெளிந்தது.

ஊருக்குள்ளே இருக்கும் சில்லறைத் தடயங்கள்

நிலம்: படையிலிருந்து வந்தவர்களுக்குப் புறம்போக்கு நிலத்தைத் தரக்காஸ்து, அதாவது விண்ணப்பத்தின்பேரில், கொடுத்திருந்தால் ஒப்படைப் பட்டாவில் அது தெரியும். ஊரில் ‘மிலிட்டரிக்காரர் புஞ்சை’ என்று ஒரு துண்டு இருந்தால் அதன் பழைய பட்டாவை எடுத்துப் பாருங்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், இடையன்குடி போன்ற ஊர்களில் சபைப் பதிவேடுகள் பழைய காலத்திலிருந்தே இருக்கின்றன. ஞானஸ்நானப் பதிவில் தகப்பனார் தொழில் ‘சிப்பாய்’ என்று இருந்தால் பிள்ளை பிறந்த தேதியில் அவர் படையில் இருந்தார் என்று அர்த்தம். ஊர் மந்தையிலோ பழைய பள்ளிக்கூடச் சுவரிலோ ‘இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள்’ என்ற வெள்ளைக்கல் சில ஊர்களில் உண்டு. சுண்ணாம்பு அடித்து அடித்து மூடியிருப்பார்கள்.

படை என்ன செய்தது என்பதற்கு அந்தப் பிரிவின் போர் நாட்குறிப்பு வேண்டும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பர்மா, தென்கிழக்கு ஆசியப் போர்முனைக்கான நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் இருக்கின்றன. அதில் சிப்பாய்களின் பெயர் பெரும்பாலும் இருக்காது. எந்தத் தேதியில் எந்தச் சாலையில் மண் வெட்டினார்கள் என்பது இருக்கும்.

பதில் வந்த நாள்

பெங்களூரிலிருந்து எங்களுக்கு வந்தது ஒற்றைத் தாள். பெட்டி மூடியின் எண்ணும் பதக்கத்தில் மிஞ்சியிருந்த இலக்கங்களும் பொருந்தின. சேர்ந்தது 1942 அக்டோபர்; அத்தை சொன்ன அதே நாற்றுப் பாவும் காலம். விலகியது 1946. பதவி பயோனியர். சுபேதார் இல்லை, நாயக்கூட இல்லை. எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து தப்பு.

சித்தப்பா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்தார். அத்தைதான் சிரித்தார்கள். “மம்பட்டி பிடிக்கதுக்கா பர்மா வரைக்கும் போனாவ? அது இங்கனயே கெடந்துச்சே.”

அந்தத் தாளை நான் லேமினேஷன் செய்யவில்லை. சூட்டில் மை ஒட்டிக்கொண்டு பிறகு பிரிக்க முடியாது. அமிலம் இல்லாத உறையில் போட்டு, ஸ்கேன் எடுத்து, அத்தை மகன்கள் உட்பட எல்லோருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பினேன். பெட்டியில் உளுந்துதான் இன்னும் இருக்கிறது. பச்சைப் பெயிண்ட்டை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.